இரண்டு சர்வர்களில் அஞ்சலும் டைரக்டரியும்: டர்பனில் இப்பணியைப் புதிதாக ஏற்போருக்கு ஒரு வழிகாட்டி

மின்சாரம் போதாதபோது பகுதிவாரியாக முறைவைத்து அதை நிறுத்தும் லோட் ஷெட்டிங்கைத் தென்னாப்பிரிக்காவில் வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை; கட்ட எண் உயர உயர வெட்டும் கூடும். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆறாம் கட்டம் அறிவிக்கப்பட்ட நாட்களில் பல ஊர்களில் ஒரே நாளில் மூன்று முறைகூட மின்சாரம் போய்வந்தது. 2024 மார்ச் 26 அன்று நிறுத்தப்பட்ட அது, பத்து மாதம் கழித்து 2025 ஜனவரி 31 அன்று மறுபடியும் தலைகாட்டியது. இந்த நிலையில் ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சலையும், பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் டைரக்டரியையும் ஒரே சர்வரை நம்பி விட்டுவைக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து சிறிய அலுவலகங்களின் சர்வர் அறையைப் பொறுப்பேற்போருக்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வளர்ந்து இத்துறைக்குள் இப்போதுதான் நுழைவோருக்கும் இதை எழுதுகிறேன். லினக்ஸில் கோப்புகளைத் திருத்தவும் சேவைகளை நிறுத்தித் தொடங்கவும் தெரிந்திருந்தால் போதும்.

நான் எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் அனைத்தும் கட்டற்றவை: கிளஸ்டரை, அதாவது ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் சர்வர்களின் கூட்டத்தை, நடத்த பேஸ்மேக்கரும் கோரோசிங்கும், வட்டை இரு பக்கமும் ஒன்றாக வைத்திருக்க டிஆர்பிடி, அஞ்சலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் பயனருக்குக் காட்ட டவ்காட், டைரக்டரிக்கு ஓப்பன்எல்டாப்.

எதைக் காப்பாற்றுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்

புதிதாக வருவோர் பெரும்பாலும் சர்வர் நின்றுபோவதைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். நின்றுபோன சர்வரால் அஞ்சல் தொலைவதில்லை. அஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி முறையில் வெளியிலிருந்து அனுப்பும் சர்வர், நம் பக்கம் பதில் வராவிட்டால் கடிதத்தைத் தன் வரிசையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்பதே பொது விதி. போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே ஐந்து நாள் வைத்திருக்கும். இரண்டு மணி நேர மின்வெட்டு இதன் முன் ஒன்றுமே இல்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நம் சர்வர் 250 என்ற எண்ணோடு பதில் தந்துவிட்டால், கடிதத்தை ஏற்றுக்கொண்டேன், இனி அது என் பொறுப்பு என்று பொருள். அனுப்பியவர் தம் வரிசையிலிருந்து அதை நீக்கிவிடுவார். அதற்குப் பிறகு நம்மிடம் அது அழிந்தால் மீட்க வழியில்லை. இரண்டு சர்வர்களும் ‘நானே முதன்மை’ என்று எண்ணிக்கொண்டு ஆளுக்குப் பாதி அஞ்சலை வாங்கிவைத்தால் நேர்வது இதுதான். ஆகவே சர்வர் இறந்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்ற ஐயத்தோடு எதையும் தொடங்காமல் இருப்பதற்கே இந்த வேலையில் பெரும்பங்கு நேரத்தைச் செலவிட வேண்டும். பிற நூல்களில் கடைசி அத்தியாயத்தில் வரும் ஃபென்சிங்கை, அதாவது ஐயத்துக்குரிய சர்வரை உறுதியாக அணைத்துவிடுவதை, நான் அஞ்சலுக்கும் டைரக்டரிக்கும் முன்னே வைப்பதற்கு இதுவே காரணம்.

இதை நான் பட்டு அறிந்தேன். துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில், 2023இல், இரண்டு சர்வர்களை வைத்திருந்தோம். இரண்டுக்கும் தனித்தனி யுபிஎஸ் உண்டு. அலுவலக வலையமைப்பின் சுவிட்சுக்கும் யுபிஎஸ் உண்டு. சர்வர்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருந்த சிறிய சுவிட்ச் மட்டும் சுவரிலிருந்த சாதாரண பிளக்கில் இருந்தது. ஒரு மாலை மின்வெட்டு வந்ததும் அந்தச் சிறிய சுவிட்ச் அணைந்தது. இரு சர்வர்களும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்று இறந்துவிட்டதாக மற்றது முடிவுசெய்து, இரண்டுமே ஒரே ஐபி முகவரியை எடுத்துக்கொண்டு, இரண்டுமே அஞ்சல் வாங்கத் தொடங்கின. மின்சாரம் திரும்பியபோது, இரு பக்கமும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதைக் கண்ட டிஆர்பிடி இணைய மறுத்து நின்றுவிட்டது. இதைத்தான் ஸ்பிளிட் பிரெய்ன் என்கிறார்கள். அன்றிரவு முழுதும் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் கைவிடுவதற்கு முன் அதில் மட்டும் வந்திருந்த கடிதங்களைத் தேடியெடுத்து மறுபக்கத்தில் சேர்த்தேன். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பாக, வேறெங்கும் வராத பெயரோடு இருப்பதால் அது முடிந்தது. எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவைக்கும் பழைய முறையாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. பெட்டிகளுக்கு மெயில்டிர் முறையையே தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அந்த இரவால்தான்.

முதற்படி: மின்சாரமும் கம்பிகளும்

சர்வர்களை வாங்குவதற்கு முன் ஒரு தாளில், மின்சாரம் போனால் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதுங்கள். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, ஒவ்வொரு சுவிட்ச் என எதையும் விடாதீர்கள். அடுத்தடுத்து மின்வெட்டு வரும் நாட்களில், ஈய அமில பேட்டரிகள் இடைப்பட்ட சில மணி நேரத்தில் முழுதாக மின்னேற்றம் பெறுவதில்லை என்பதால், முதல் வெட்டுக்கு மூன்று மணி நேரம் தாங்கிய யுபிஎஸ் மூன்றாவது வெட்டுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

சர்வர் ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கட்டும். அவற்றை இரு வேறு யுபிஎஸ்களில் செருகுங்கள். இரு சர்வர்களுக்கும் இடையே நேரடிக் கம்பி ஒன்றைப் போடுங்கள். நடுவில் சுவிட்ச் வேண்டாம். கோரோசிங்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் தரலாம். நேரடிக் கம்பியை முதல் வழியாகவும் அலுவலக வலையமைப்பை இரண்டாம் வழியாகவும் குறிப்பிட்டால், ஒன்று அறுந்தாலும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். எங்களிடம் அன்று இந்த ஒரு கம்பி இருந்திருந்தால் போதும்.

இரு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்திருக்க குரோனியை நிறுவுங்கள். ஓப்பன்எல்டாப் எந்த மாற்றம் புதியது என்பதை நேரத்தை வைத்தே தீர்மானிக்கிறது. அடுத்து, அஞ்சல் கோப்புகளின் உரிமையாளராக நீங்கள் உருவாக்கும் பயனருக்கு இரு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்து எண் வேறாக இருந்தால், ஃபெயில்ஓவர் (ஒரு சர்வரின் பொறுப்பு மற்றதற்கு மாறுவது) நடந்தவுடன் பயனர் அனைவரும் ‘அனுமதி இல்லை’ என்ற செய்தியைக் காண்பார்கள்.

இரண்டாம் படி: ஃபென்சிங்கும் மூன்றாவது வாக்கும்

ஒரு சர்வரின் குரல் கேட்கவில்லை என்றால், அதன் பொறுப்பை எடுப்பதற்கு முன் அதை உறுதியாக அணைத்துவிடுவதே ஃபென்சிங். பேஸ்மேக்கரில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். சோதனைக்காக அதை நிறுத்திவைக்கச் சொல்லும் குறிப்புகள் பல இடங்களில் கிடைக்கும்; அவற்றைப் பின்பற்றாதீர்கள். நிறுத்திவைத்ததைத் திரும்பத் திறக்க மறப்பது மிக எளிது.

பெரும்பாலான சர்வர்களில் ஐபிஎம்ஐ என்ற தனிச் சிறு கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. அதன் வழியே ஒரு சர்வர் மற்றதன் மின்சாரத்தை அணைக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவர், முதன்முறை சோதனை செய்தபோது, சர்வரின் பின்பக்கம் இருந்து குரல் கொடுத்தார்: “அண்ணே, ரெண்டு வயரையும் பிடுங்கிட்டேன், அந்தப் பக்கம் ஒண்ணுமே எழும்பலையே!” சேவையை மட்டும் நிறுத்தியபோது அழகாக மாறிய கிளஸ்டர், மின்சாரமே போனபோது அசையாமல் நின்றது. காரணம் எளிது: சர்வரின் மின்சாரம் முழுதும் போனால் அதன் ஐபிஎம்ஐ பலகையும் செத்துவிடும். அணைத்துவிட்டேன் என்ற உறுதி கிடைக்காததால் மற்ற சர்வர் காத்துக்கொண்டே இருந்தது. அது சரியான நடத்தைதான். நாம்தான் அதற்கு இன்னொரு வழியைத் தரவில்லை.

அந்த இன்னொரு வழி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வலையமைப்பு வழியாகக் கட்டளை ஏற்று ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியே அணைக்கும் மின்பலகை வாங்க முடியுமானால், அதை ஃபென்சிங்கின் இரண்டாம் நிலையாகச் சேர்த்துவிடுங்கள்; ஐபிஎம்ஐ பதில் தராவிட்டால் கிளஸ்டர் அதை நாடும். சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் அதற்குரிய இரண்டு பிளக்குகளையும் அணைக்கச் சொல்ல வேண்டும் என்பதை மறவாதீர்கள். அதற்குப் பணமில்லையென்றால், இயங்குதளத்திடமிருந்து குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் சர்வரை மறுதொடக்கம் செய்யும், சர்வரிலேயே உள்ள வாட்ச்டாக் கருவியை எஸ்பிடி என்ற மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். பெரும்பான்மை வாக்கை இழந்த சர்வர் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். மற்றது குறிப்பிட்ட விநாடிகள் காத்திருந்துவிட்டு, அது போய்விட்டது என்று கொண்டு பொறுப்பேற்கும்.

இந்த இரண்டாவது வழிக்கு உண்மையான பெரும்பான்மை கட்டாயம் தேவை. இரண்டு சர்வர்கள் மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒரு வாக்கு. பிரிந்துவிட்டால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆகவே மூன்றாவது வாக்காளராக கோரோசிங்கின் க்யூடிவைஸைச் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு பழைய மேசைக் கணினியோ, வாடகைக்கு எடுத்த சிறிய மெய்நிகர் சர்வரோ போதும். அது அதே ரேக்கில், அதே யுபிஎஸ்ஸில் இருக்கக் கூடாது. க்யூடிவைஸைச் சேர்த்ததும், இரண்டே சர்வர் என்பதற்காக வைத்திருந்த தனிச்சலுகை அமைப்பை (two_node) கோரோசிங்கின் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது வாக்கு இல்லாமல் ஐபிஎம்ஐயை மட்டும் கொண்டு நடத்துவோர், இரு சர்வர்களும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடாதபடி, ஒன்றன் ஃபென்சிங் கட்டளைக்குச் சில விநாடி தாமதம் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: டைரக்டரி

டைரக்டரியை அஞ்சலுக்கு முன் அமைக்க வேண்டும். பயனர் யார் என்று டைரக்டரி சொல்லாவிட்டால் டவ்காட் யாரையும் உள்ளே விடாது. போஸ்ட்ஃபிக்ஸுக்கும் பெறுநர் யார் என்று தெரியாது.

அஞ்சலைப் போல் டைரக்டரியை ஒரு பக்கம் மட்டும் ஓடவிட்டு மாற்ற வேண்டியதில்லை. ஓப்பன்எல்டாப் தானாகவே மாற்றங்களை மறுபக்கத்துக்கு அனுப்பவல்லது. எனவே இரு சர்வர்களிலும் எப்போதும் ஓடட்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சர்வர் எண் கொடுங்கள். ஒவ்வொன்றும் மற்றதிடமிருந்து மாற்றங்களை வாங்கும்படி, ஓப்பன்எல்டாப்பின் பிரதியெடுக்கும் வசதியான சிங்க்ரெப்லை அமையுங்கள். படிப்பது எந்தப் பக்கமும் நடக்கலாம். எழுதுவது மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவை இரு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றினால் நேரத்தால் பிந்தியது நிற்கும், முந்தியது சொல்லாமல் மறைந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸிலும் டவ்காட்டிலும் இரண்டு டைரக்டரிகளின் முகவரிகளையும் வரிசையாகக் கொடுங்கள். தன் சர்வரில் இருப்பது முதலில், அடுத்த பக்கத்தது இரண்டாவதாக.

இனி நான் சொல்வதைப் புதியவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். டைரக்டரி செத்துப்போனால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்ற தற்காலிக மறுப்பைத் தரும். அனுப்பியவர் பிறகு முயல்வார், ஒன்றும் கெடாது. ஆனால் டைரக்டரி உயிரோடு இருந்து, உள்ளே பதிவுகளே இல்லாமல் காலியாக இருந்தால், ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் 550ஐத் தந்துவிடும். அது நிரந்தர மறுப்பு. கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், அஞ்சல் பட்டியல்களிலிருந்து நம் முகவரிகள் நீக்கப்படும். வட்டு பழுதாகிப் புதிதாக நிறுவிய சர்வரை அவசரமாகச் சேவையில் சேர்க்கும்போதுதான் இது நேர்கிறது. எனவே புதிதாகச் சேரும் பக்கத்தை, பதிவுகளின் எண்ணிக்கையும் கடைசி மாற்றத்தின் நேரக்குறியும் இரு பக்கமும் ஒத்திருக்கின்றன என்று பார்த்த பிறகே திறந்துவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு, தெரியாத பெறுநருக்கான மறுப்பு எண்ணைப் போஸ்ட்ஃபிக்ஸில் 550இலிருந்து 450 ஆக மாற்றிவையுங்கள். தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள நாட்கள் கிடைக்கும்.

நான்காம் படி: அஞ்சலின் வட்டு

டிஆர்பிடி ஒரு சர்வரின் வட்டில் எழுதப்படுவதை மற்றதன் வட்டிலும் எழுதுகிறது. அதில் ஏ, பி, சி என்ற மூன்று முறைகள் உண்டு. இரு வட்டுகளிலும் எழுதி முடித்த பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும் சி முறையைத் தேர்ந்தெடுங்கள். 250 என்ற வாக்குறுதிக்கு அதுவே பொருத்தம். சி முறை ஒரே கட்டடத்துக்கோ ஒரே ஊருக்கோதான் ஏற்றது. டர்பனில் ஒரு சர்வரும், சாலை வழியே ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் மற்றதும் என்று வைத்தால், ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு தூரம் போய்வரும்வரை காத்திருக்கும். தொலைவிலுள்ள ஊரைக் காப்புப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு வெளியூரில் ஒரு பிரதி ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வட்டில் பெட்டிகளை மட்டும் வைத்தால் போதாது. போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புறையும் அதே வட்டில் இருக்க வேண்டும். 250 சொல்லி வாங்கி, இன்னும் பெட்டியில் போடாத கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. இதை விட்டுவிட்ட அமைப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

சாதாரணக் கோப்பு முறையை இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது, அதாவது மவுண்ட் செய்யக் கூடாது. ஏற்றினால் சில நிமிடங்களில் அது சிதைந்துவிடும். டிஆர்பிடியின் சொந்த ஃபென்சிங் அமைப்பையும் பேஸ்மேக்கரோடு இணைத்துவிடுங்கள். பழைய தரவை வைத்திருக்கும் பக்கம் முதன்மையாக எழ முயன்றால் அது தடுத்துவிடும்.

இரட்டை வட்டு காப்புப் பிரதி ஆகாது. ஒரு பயனர் தவறி அழித்த கோப்புறை அதே விநாடியில் இரு பக்கமும் அழியும். பெட்டிகளை இரவுதோறும் வேறிடத்துக்குப் பிரதியெடுங்கள். டைரக்டரியை நாள்தோறும் உரைக் கோப்பாக வெளியே எடுத்துவையுங்கள். தனியுரிமைக்கான பொப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடைமுறையில் இருப்பதால், அந்தப் பிரதிகள் மறையாக்கம் செய்யப்பட்டே வெளியே போக வேண்டும்.

ஐந்தாம் படி: எது முதலில், எது பிறகு

கிளஸ்டர் நடத்தும் சேவைகளை இயங்குதளம் தானாகத் தொடங்காதபடி முதலில் நிறுத்திவையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் பேஸ்மேக்கர் மட்டுமே தொடங்க வேண்டும். தொடங்கும் வரிசை இது: டிஆர்பிடி முதன்மையாகும், கோப்பு முறை ஏறும், பொது ஐபி முகவரி (முதன்மைப் பக்கத்தோடு சேர்ந்து நகரும் முகவரி) வரும், டவ்காட் எழும், கடைசியில் போஸ்ட்ஃபிக்ஸ். நிறுத்தும்போது இதன் தலைகீழ். எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதையும் தனியே சொல்ல வேண்டும்; வரிசை சொன்னால் இடமும் சொன்னதாகாது.

பொது ஐபி மாறும்போது, புதிய சர்வர் ‘இம்முகவரி இனி என்னிடம்’ என்று வலையமைப்பில் அறிவிக்கும். எனவே பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அஞ்சலை எந்தச் சர்வரிடம் தர வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு ஒரே பெயரைக் காட்டட்டும், அப்பெயர் பொது ஐபியைக் காட்டட்டும். அஞ்சல் சர்வரின் பெயரும் சான்றிதழும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வெளியே போகும் கடிதங்களும் பொது ஐபியிலிருந்தே கிளம்பும்படி போஸ்ட்ஃபிக்ஸில் கட்டாயப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அவை சர்வரின் சொந்த முகவரியிலிருந்து போகும். நம் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று அனுமதித்த முகவரிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அம்முகவரி இல்லாததால், ஃபெயில்ஓவர் நடந்த நாளிலிருந்து நம் கடிதங்கள் மற்றவர்களின் குப்பைப் பெட்டியில் விழும். பல நாள் கழித்தே யாராவது தொலைபேசியில் சொல்வார்கள்.

காப்புக்கென்று இரண்டாவது எம்எக்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைத் தேடிவந்து தட்டுவார்கள்; உண்மையான அனுப்புநர்கள் பொதுவாக நான்கைந்து நாள் காத்திருப்பார்கள்.

பழைய சர்வர் குணமாகி வந்ததும் பொறுப்பு தானாக அதனிடம் திரும்பும்படி வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும், பயனர்கள் பெட்டியைப் படிக்கும் ஐமேப் இணைப்புகள் அனைத்தும் அறுபடும். சேவைகள் இருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் அளவைப் பேஸ்மேக்கரில் உயர்த்திவைத்துவிட்டு, ஞாயிறு காலை நீங்களே கையால் மாற்றுங்கள்.

சேவைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று கிளஸ்டர் பார்க்கும் நலச் சோதனைகளின் காலவரம்பை இறுக்கி வைப்பதும் தவறு. இரவில் காப்புப் பிரதி ஓடும்போது வட்டு மந்தமாகும். பத்து விநாடியில் பதில் வரவில்லை என்று கிளஸ்டர் சர்வரையே அணைத்தால், நோயைவிட மருந்து கொடிதாகிவிடும்.

ஆறாம் படி: பிடுங்கிப் பார்த்தல்

அமைத்து முடித்த அன்றே சோதியுங்கள். வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து, பத்து விநாடிக்கு ஒன்றாக, தலைப்பில் வரிசை எண்ணிட்டு அறுபது கடிதங்களை அனுப்பச் செய்யுங்கள். அவை போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு கேடு செய்யுங்கள். முதல் தடவை போஸ்ட்ஃபிக்ஸை மட்டும் கொல்லுங்கள். அடுத்து நேரடிக் கம்பியை மட்டும் பிடுங்குங்கள். இப்போது ஒன்றும் மாறக் கூடாது. அடுத்து வலையமைப்புக் கம்பிகள் அனைத்தையும். அடுத்து கெர்னலை உறையவையுங்கள். கடைசியில் இரண்டு மின்வயர்களையும் ஒருசேரப் பிடுங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து ஒன்று முதல் அறுபது வரை எண்ணிப் பாருங்கள். எங்கள் அமைப்பில் மாற்றத்துக்கு முக்கால் நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் அனுப்பப்பட்ட 23 முதல் 27 வரையிலான கடிதங்கள் உடனே வரவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஐந்தும் வந்திருந்தன. அனுப்பிய பக்கம் காத்திருந்து மறுபடியும் அனுப்பியிருந்தது. ஒரு எண் இரண்டு முறை வந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு எண் வரவே இல்லையென்றால், அனுப்பிய பக்கத்தின் பதிவேட்டைத் திறந்து அதற்கு எதிரே 250 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வரிசைக் கோப்புறை எந்த வட்டில் இருக்கிறது என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்; அந்தக் கடிதம் கிடைக்கும்வரை இந்த அமைப்பை அலுவலகத்தின் கையில் ஒப்படைக்காதீர்கள்.